எல்லை தாண்டும் கார்களும் எழுதி முடியாத ஒப்பந்தமும்

புது தில்லி: உத்தரப் பிரதேச மாநிலம், மகாராஜ்கஞ்ச் மாவட்டத்தின் வடகோடியில் உள்ளது சுனௌலி. சாலையின் குறுக்கே நிற்கும் வளைவைக் கடந்தால் நேபாளம். காய்கறிக் கூடையுடன் ஒரு பெண்மணி கடந்து செல்கிறார்; பள்ளிச் சீருடையில் சிறுவர்கள் திரும்பி வருகிறார்கள்; சைக்கிள் ரிக்‌ஷாக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. விசா இல்லை, முத்திரை இல்லை. ஆனால், தில்லி பதிவெண் கொண்ட கார் ஒன்று வந்து நின்றால் நிலைமை வேறு. ஓட்டி வந்தவர் இறங்கி, நேபாள சுங்கத்துறையின் சாளரத்தை நோக்கி நடந்தாக வேண்டும்.

இந்தியா, நேபாளம் இடையே 1950-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி கையெழுத்தான அமைதி மற்றும் நட்புறவு உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, இரு நாட்டுக் குடிமக்களும் ஒருவர் நாட்டில் மற்றவர் வசிக்கவும், சொத்து வைத்துக்கொள்ளவும், வணிகம் செய்யவும், நடமாடவும் சம உரிமை தருகிறது. அவர்கள் ஓட்டிச் செல்லும் வாகனத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. அன்று அதற்கான தேவையும் எழவில்லை. சமவெளியையும் காத்மாண்டு பள்ளத்தாக்கையும் இணைக்கும் திரிபுவன் நெடுஞ்சாலை இந்திய உதவியுடன் கட்டி முடிக்கப்பட்டது 1956-இல்தான். அதற்கு முன்பு காத்மாண்டுக்குப் போன கார்கள், சுமை தூக்குவோரின் தோள்களில் மலையேறின. அந்தக் காலத்து ராணா குடும்பத்தினருக்குக் காப்பீடு பற்றிய கவலை இருந்திருக்காது.

இன்று தில்லி, நொய்டா, குருகிராம் பகுதிகளில் இருந்து சொந்தக் காரில் நேபாளம் செல்வது விடுமுறைக் கால வழக்கமாகிவிட்டது. தலைநகர்வாழ் தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 108 வைணவ திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் எனப் போற்றப்படும் முக்திநாத், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கிறது. தில்லியில் இருந்து சுனௌலி வரை சுமார் 900 கிலோமீட்டர்; அங்கிருந்து புட்வல், போக்ரா வழியாக மலைப் பயணம்.

புறப்படும் முன் பெரும்பாலோர் பணிமனைக்குச் சென்று எண்ணெய் மாற்றுகிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். அவை தேவைதான். ஆனால், எல்லையைத் தாண்டும் பயணத்தில் சிக்கிக்கொள்பவர்களில் பலர் இயந்திரக் கோளாறால் சிக்கியவர்கள் அல்லர்; தாளில் எழுதப்பட்ட ஒரு வரியால் சிக்கியவர்கள்.

பன்சார் என்னும் சீட்டு

நேபாள மொழியில் "பன்சார்" என்றால் சுங்கம். இந்தியப் பதிவு பெற்ற தனியார் வாகனத்தை தாற்காலிகமாக உள்ளே கொண்டுசெல்ல சுங்கத்துறை தரும் அனுமதிச் சீட்டையும் மக்கள் அதே பெயரில் அழைக்கிறார்கள். பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், உரிமையாளரின் அடையாளச் சான்று ஆகியவற்றின் அசலையும் நகலையும் காட்டி, எத்தனை நாள் தங்கல் என்பதைச் சொல்லி, நாள் கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும். காருக்கு நாளொன்றுக்கு சில நூறு நேபாள ரூபாய் ஆகும். நிதிநிலை அறிக்கையை ஒட்டி இது மாறுவதுண்டு. இதனுடன் போக்குவரத்துத் துறையின் வழி அனுமதியும் பெற வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரு வாகனத்துக்கு மொத்தம் 30 நாள் வரைதான் இந்தச் சலுகை.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நேபாளத்தில் இறக்குமதி செய்யப்படும் பெட்ரோல், டீசல் கார் மீது சுங்க வரி, கலால் வரி, மதிப்புக் கூட்டு வரி எல்லாம் சேர்ந்தால் காரின் விலையைவிட வரியே அதிகம். தில்லியில் வாங்கிய கார் வரி கட்டாமல் காத்மாண்டில் தங்கிவிடக் கூடாது என்பதே அந்நாட்டு சுங்கத்துறையின் கவலை. எனவேதான், அனுமதித்த நாளைத் தாண்டி நிற்கும் வாகனத்துக்கு அபராதம் கடுமையாக இருக்கிறது. வாகனம் கைப்பற்றப்படவும் கூடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சீட்டில் எழுதப்படும் தேதி ஆங்கிலத் தேதி அன்று. ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 57 ஆண்டுகள் முன்னே செல்லும் விக்ரம சம்வத் ஆண்டின்படி, பெரும்பாலும் தேவநாகரி எண்களில் அது எழுதப்படுகிறது. நேபாள மாதங்களும் தமிழ் மாதங்களைப் போலவே சூரியனின் கணக்கில் அமைந்தவை. அவர்களது புத்தாண்டும் நமது சித்திரையை ஒட்டியே பிறக்கிறது. ஆனால், பெயர்கள் ஒரு மாதம் தள்ளி நிற்கும். அவர்களது "வைசாக்" நமது சித்திரை. "ஜேஷ்ட" நமது வைகாசி. நிதியாண்டு தொடங்கும் "ஸ்ராவண்" மாதத்தை ஆவணி என்று எண்ணிக்கொண்டால் பிழையாகும், அது ஆடி. சீட்டைக் கையில் வாங்கியதும், கடைசி நாள் ஆங்கிலத் தேதியில் எது என்று அலுவலரிடமே கேட்டு, ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னே ஓடுகிறது. மாலையில் அலுவலகம் மூடும் நேரத்துக்கு வந்து சேருபவர்களுக்கு அந்தக் கால் மணி நேரமும் கணக்கில் வரும்.

கார் வேறொருவர் பெயரில் இருந்தால்? மகன் ஓட்டுவார், கார் தந்தை பெயரில் இருக்கும். அலுவலர் ஓட்டுவார், கார் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். இத்தகைய நேரங்களில் உரிமையாளரின் அனுமதிக் கடிதம், முடிந்தால் நோட்டரி சான்றுடன், கையில் இருக்க வேண்டும். கடனில் வாங்கிய கார் என்றால் பதிவுச் சான்றிலேயே வங்கியின் பெயர் அச்சாகியிருக்கும். வங்கியிடம் ஆட்சேபணையின்மைக் கடிதம் பெற்றுச் செல்வது முறை. அது கிடைக்கச் சில நாள்கள் ஆகும் என்பதால், பயணத்துக்கு முந்தைய நாள் கேட்டுப் பயனில்லை.

ஐந்நூறு ரூபாய் வரி

எல்லாவற்றையும் சரிபார்ப்பவர்கள்கூடத் தவறவிடும் தாள் ஒன்று உண்டு. அது காப்பீட்டுப் பத்திரம். கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், "புவியியல் எல்லை" என்ற தலைப்பின் கீழ் ஒரே சொல் இருக்கும்: இந்தியா. அதாவது, சுனௌலி வளைவைத் தாண்டிய கணத்தில் அந்தக் காருக்குக் காப்பீடு இல்லை. முழுக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் ரூபாய் கட்டியிருந்தாலும் நிலைமை இதுவே.

இதற்கு வழி 2002-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டணத் தொகுப்பிலேயே இருக்கிறது. வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கு, 12 மாதங்களுக்கு மிகாமல், புவியியல் எல்லையை நீட்டித்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பு நிர்ணயித்த கூடுதல் கட்டணம், முழுக் காப்பீட்டுக்கு 500 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் என்றால் 100 ரூபாய். வாகனச் சேதத்துக்கான கட்டணங்கள் 2007 முதல் நிறுவனங்களின் முடிவுக்கு விடப்பட்டதால் தொகை சற்று வேறுபடலாம். இருந்தாலும், ஒரு முறை எரிபொருள் நிரப்பும் செலவைவிட இது குறைவு. பத்திரத்துடன் இணைக்கப்படும் ஒப்புதல் தாளில் நாட்டின் பெயரும், தொடக்க, முடிவுத் தேதிகளும் இருக்க வேண்டும். தொலைபேசியில் முகவர் சொல்லும் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதி, விபத்து நடந்த பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசித்தால் வியப்பாக இருக்கும். மாலத்தீவுக்குக் காரை ஓட்டிச் செல்ல வழியே இல்லை. கப்பலில்தான் ஏற்ற வேண்டும். கடல் பயணத்தின்போதும் விமானப் பயணத்தின்போதும் காப்பீடு பொருந்தாது என்று அதே விதி சொல்கிறது. இலங்கைக்கு 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கப்பட்ட கப்பல் பயணிகளுக்கானது, கார்களுக்கானது அன்று. பாகிஸ்தானின் வாயிலோ, பஹல்காம் தாக்குதலை அடுத்து 2025 ஏப்ரலில் அட்டாரியில் இழுத்து மூடப்பட்டது. காப்பீட்டு விதிகளை எழுதியவர்கள், நாடுகளின் உறவு குறித்து அரசுகளைவிட நம்பிக்கையோடு இருந்திருக்கிறார்கள்.

இந்த ஒப்புதல் தாள் இல்லாமல் நேபாள மலைச் சாலையில் விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? காருக்கு ஏற்பட்ட சேதம் முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். அடிபட்டவர் உள்ளூர்க்காரர் என்றால் மருத்துவச் செலவும் இழப்பீடும் அவரது பொறுப்பே. இழப்பீடு பேசி முடிக்கும் வரை வாகனம் காவல்துறையின் வசம் நிற்பது அங்கு வழக்கம். அப்படி நிற்கும்போது பன்சார் நாள்களும் ஓடிக்கொண்டிருக்கும். தாள் இருந்தாலும் கடமைகள் உண்டு: உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து நகல் பெற வேண்டும், பழுதுபார்க்கும் முன் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும், கார் நின்ற நிலையில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

அடையாளச் சான்று விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். நேபாளம், பூட்டான் செல்ல இந்தியருக்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டையை 15 வயதுக்கு உட்பட்டவர்களும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் காட்டலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2019 ஜனவரியில் தெரிவித்தது. இடைப்பட்ட வயதினருக்கு அது பொருந்தாது. ஓட்டுநர் உரிமத்தைப் பொருத்தவரை இந்திய உரிமமே இவ்விரு நாடுகளிலும் செல்லும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கு அவசியமில்லை.

மலையும் மழையும்

இனி கார். தில்லியின் கார்களில் பல சிஎன்ஜியில் ஓடுகின்றன. எல்லைக்கு அப்பால் சிஎன்ஜி நிலையங்களை எதிர்பார்க்கக் கூடாது. பெட்ரோலில்தான் ஓட்ட வேண்டும். மாதக்கணக்கில் பெட்ரோலைத் தொடாத கார் முதல் ஏற்றத்திலேயே முரண்டு பிடிப்பதுண்டு. எனவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்ரோலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நேபாளத்தின் பெட்ரோலும் டீசலும் இந்தியன் ஆயில் நிறுவனம் தருபவைதான். பிகாரின் மோதிஹாரியில் இருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டர் குழாய்வழி 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆகவே தரத்தைப் பற்றிய அச்சம் தேவையில்லை.

பிரேக் திரவம், பிரேக் கட்டைகள், மாற்றுச் சக்கரம், குளிர்விப்பான் நீர் ஆகிய நான்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தபடி வருவது சமவெளி ஓட்டுநர்களின் பழக்கம். பிரேக் சூடேறிச் செயலிழப்பது அதனால்தான். குறைந்த கியரில் இறங்க வேண்டும். நேபாளமும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அதில் குழப்பம் இல்லை. பெனிக்கு வடக்கே முக்திநாத் செல்லும் பாதை மட்டும் தாழ்வான கார்களுக்கு உகந்தது அன்று. போக்ராவில் காரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் செல்பவர்களே அதிகம். மழைக்காலத்தில் எந்த வாகனமானாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே விவேகம். 2024 ஜூலை 12-ஆம் தேதி அதிகாலை, நாராயண்கட்-முக்லிங் சாலையில் சிமல்தால் அருகே சரிந்த மலை, இரண்டு பேருந்துகளை 60-க்கும் மேற்பட்ட பயணிகளோடு திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. காத்மாண்டுக்குச் செல்லும் முக்கியப் பாதைகளுள் அதுவும் ஒன்று.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மாற்று விகிதம் 1993 முதல் மாறவில்லை. ஆனால், எந்த நோட்டு செல்லும் என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் 200, 500, 2,000 ரூபாய் நோட்டுகளுக்கு நேபாள அரசு தடை விதித்தது பலரைத் தவிக்கவிட்டது. நூறு ரூபாய்க் கட்டுகளோடு செல்பவர்களுக்கு எந்த ஆண்டிலும் சங்கடம் வந்ததில்லை. ரக்சௌல் வழியாகத் திரும்புபவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016 முதல் பிகாரில் மதுவிலக்கு. காத்மாண்டில் வாங்கிய ஒரு பாட்டில் பின்பெட்டியில் கிடந்தால் கைதோடு முடியாது, காரும் பறிமுதல் ஆகலாம்.

திம்புவில் நின்றுபோன வண்டி

ஒவ்வொரு எல்லைக்கும் ஒவ்வொரு சீட்டு, ஒவ்வொரு கட்டணம் என்னும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு முயற்சி நடந்தது. 2014 நவம்பரில் காத்மாண்டில் கூடிய சார்க் மாநாட்டில் மோட்டார் வாகன ஒப்பந்தத்துக்கு பாகிஸ்தான் உடன்படவில்லை. அதையடுத்து, வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் 2015 ஜூன் 15-ஆம் தேதி பூட்டான் தலைநகர் திம்புவில் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சரக்கு வாகனம், பயணிகள் வாகனம் ஆகியவற்றோடு சொந்தக் கார்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு நவம்பரில் புவனேசுவரத்தில் புறப்பட்ட நட்புறவுக் கார் பேரணி, கொல்கத்தாவில் நிறைவடைந்தது. அமைச்சர்கள் கொடியசைத்தார்கள், நாளேடுகளில் படங்கள் வந்தன.

அதன்பின் நடந்ததுதான் நாடாளுமன்ற நடைமுறையில் ஆர்வம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது. பூட்டானின் மேலவையான தேசிய கவுன்சிலில் மொத்தம் 25 உறுப்பினர்கள். 20 பேர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், ஐவர் மன்னரின் நியமனம். கட்சி சார்பற்ற அந்த அவை, 2016 நவம்பரில் ஒப்பந்தத்தை நிராகரித்தது. அண்டை நாடுகளின் வாகனங்கள் குறுகிய மலைச் சாலைகளில் வெள்ளமெனப் புகுந்தால் சுற்றுச்சூழல் என்னாகும், உள்ளூர் வாகன உரிமையாளர்களின் பிழைப்பு என்னாகும் என்பவை அங்கு எழுந்த கேள்விகள். தங்களை விட்டுவிட்டு மற்ற மூவரும் முன்செல்லலாம் என்று 2017-இல் பூட்டான் தெரிவித்துவிட்டது.

அதே ஒப்பந்தம் இந்திய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் செயல்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறதே தவிர, ஒப்பந்தத்தை ஏற்கலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை வழங்கவில்லை. சில லட்சம் மக்கள் வாழும் நாட்டின் 25 பேர் கொண்ட அவைக்கு இருக்கும் அந்த வாய்ப்பு, இங்குள்ள இரு அவைகளுக்கும் கிடையாது. இந்திய உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் கேட்கலாம், பதிலைப் பெற்றுக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

2022 மார்ச்சில் இந்தியா, வங்கதேசம், நேபாளம் ஆகிய மூன்றும் தில்லியில் கூடி, பூட்டான் பார்வையாளராக அமர்ந்திருக்க, மூவருக்கிடையே ஒப்பந்தத்தைச் செயல்படுத்துவதற்கான புரிந்துணர்வு ஆவணத்தின் வாசகத்தை இறுதி செய்தன. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறியது. 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டத்தால் நேபாளப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். சொந்தக் காருக்கு பன்சார் சாளரம் அப்படியே இருக்கிறது.

பூட்டான் கதவைச் சாத்திவிட்டது என்று பொருளல்ல. மேற்கு வங்கத்தின் ஜெய்காவ்னை அடுத்துள்ள புன்ட்ஷோலிங்கில் நுழைவு அனுமதியும் வாகன அனுமதியும் தனித்தனியே பெற்று இந்தியர்கள் காரில் செல்லலாம். ஆனால், 2022 செப்டம்பர் முதல் இந்தியர் ஒவ்வொருவரும் இரவொன்றுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். சுற்றுலா வாகனத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தை நிராகரித்தபோது பேசப்பட்ட அதே கவலையே இங்கு கட்டணமாகியிருக்கிறது. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோடை விடுமுறையில் சிம்லா, மணாலி சாலைகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

வங்கதேசத்துக்குக் காரைக் கொண்டுசெல்ல "கார்னெட்" எனப்படும் சுங்க உத்தரவாதப் புத்தகம் வேண்டும். கார் திரும்பி வராவிட்டால் வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று ஒரு வாகன ஓட்டிகள் சங்கம் அளிக்கும் பிணை அது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்கி வருகிறது. அதற்குக் கணிசமான வைப்புத்தொகை அல்லது வங்கி உத்தரவாதம் தேவை. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர் சென்று தாய்லாந்தைத் தொடுவதாகத் திட்டமிடப்பட்ட முத்தரப்பு நெடுஞ்சாலையோ, 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போரில் சிக்கிக்கொண்டது. 1960-களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் குடியேறிய ஊர் மோரே. எல்லை ஒரே நாளில் மூடப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் எல்லைகளுக்கு இல்லை. 2015 செப்டம்பரில் நேபாளத்தின் புதிய அரசியல் சாசனம் வெளியானதும் தொடங்கிய முற்றுகை, 2016 பிப்ரவரி வரை ரக்சௌல்-பீர்கஞ்ச் பாதையை முடக்கியது. காத்மாண்டில் பெட்ரோலுக்குக் கார்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. எனவே, பன்சார் எழுதும்போது திட்டமிட்ட நாளைவிட இரண்டு நாள் கூடுதலாகக் கட்டி வைப்பதும், சுனௌலி வழியாகச் சென்றாலும் பன்பசா, ரூபைடீஹா வழிகளையும் தெரிந்து வைத்திருப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம். சாரதா அணையின் மேல் செல்லும் பன்பசா பாதை மிகக் குறுகலானது. வாகனங்களுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே அது திறக்கப்படும் என்பதால், நேரத்தைக் கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும்.

திரும்பும்போது செய்ய வேண்டிய ஒரு வேலையை அவசரத்தில் மறந்துவிடுபவர்கள் உண்டு. வெளியேறும் சாவடியில் காரை நிறுத்தி, பன்சார் சீட்டை ஒப்படைத்து, வாகனம் வெளியேறியதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பதிவாகாத கார், தில்லியின் வீட்டு வாசலில் நின்றாலும், நேபாள சுங்கத்துறையின் கணக்கில் அந்நாட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அதே பதிவெண்ணுடன் சாளரத்துக்குச் செல்லும்போது அபராதக் கணக்கு காத்திருக்கும்.